அவலம்: வன்னியில் ஒரு சொல்லின் வரலாறு

அவலம் என்னுஞ் சொல் இன்று ஈழத்துத் தமிழில் பெரும்பாலும் ஒரு நிகழ்ச்சியின் பெயராகவே வழங்குகின்றது. 2009ஆம் ஆண்டின் முற்பகுதியில் வன்னிப் பெருநிலப்பரப்பில் நிகழ்ந்தவற்றை ‘வன்னி அவலம்’ என்றும் ‘முள்ளிவாய்க்கால் பேரவலம்’ என்றும் எழுதுதல் வழக்காகிவிட்டது. பழைய நூல்களிலோ அச்சொல் நெஞ்சில் நிகழ்வதொன்றைக் குறித்தது. கயவர் நெஞ்சில் அவலம் இல்லை என்று வள்ளுவர் கூறுமிடத்து (1072) அது கவலை என்னும் பொருளது; தன் செயலை எண்ணி வருந்தும் மனமும் அதனுள் அடங்குமெனலாம்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரைகண்ட பேராசிரியர், அழுகை என்பதற்கு அவலம் என்றே பொருள்கொண்டு, தான் துன்புறுதல், பிறர் துன்பங்கண்டு வருந்துதல் என அதனை இருவகைப்படுத்துவர். செய்தித்தாள்களிலும் மேடைகளிலும் புலம்பெயர்ந்தோர் வெளியீடுகளிலும் பயின்ற ‘அவலம்’ பெரும்பாலும் இரண்டாம் வகையினது. கண்டோர் இட்ட பெயர். துன்புற்றோருக்கு ஊர்ப்பெயரே போதுமாயிருந்தது. ‘முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு’ என்றால் வன்னியில் அது காலத்தையும் குறிக்கும்.

அழுகை தோன்றும் நிலைக்களங்களாகத் தொல்காப்பியர் கூறுவன இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கு. இவற்றுள் அசைவு என்பது பழைய நிலை கெட்டு வேறாகி வருந்துதல் என விளக்கப்படும். 2009 சனவரி 2ஆம் நாள் கிளிநொச்சி படையினர் வசமாயிற்று. அதற்கு முன்னரே ஊர்களை விட்டுப் புறப்பட்ட மக்கள் புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் எனக் கடலோரம் நோக்கி ஒதுங்கினர். போர் முடிந்த மே மாதத்தின் பின் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் முகாம்களில் அடைபட்டிருந்தனர். அவற்றுள் மிகப் பெரியதாகிய வவுனியா மெனிக் பாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. முகாமில் உணவுக்கு வரிசையில் நின்ற உழவனுக்கு அசைவும் வறுமையும் இளிவும் வெவ்வேறாயிருந்திரா.

இழவே ஆழ்ந்து நோக்கற்பாலது. பேச்சுவழக்கில் அச்சொல் சாவையே குறிக்கும். சாவு உறுதியானால் எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி, ஆண்டுத் திவசம் எனச் சடங்குகள் வரிசையாக வந்து துயருக்கு ஓர் எல்லை வகுக்கும். இறுதிப்போரில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்பதை மறுக்கவியலாது என ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011இல் கூறியது. ஆயின் படையினரிடம் கையளிக்கப்பட்டுப் பின்னர் திரும்பாதோரின் உறவினர்க்கு இழவு உளதோ இலதோ என்பதே தெளிவில்லை. அந்தியேட்டி செய்தால் மகன் இறந்தான் என்று தாயே தீர்ப்புரைத்ததாகும். செய்யாவிடின் துயருக்கு முடிவில்லை. தொல்காப்பியர் வகுத்த நான்கனுள் இந்நிலை எளிதில் அடங்காது.

இதற்கான சொல்லை அம்மக்களே இலக்கண நுட்பத்துடன் கையாண்டனர். 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடர் போராட்டம் தொடங்கியோர் தம் உறவுகளைக் ‘காணாமல் போனோர்’ என்னாது ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றனர். போதல் போனவரின் தொழில். ஆக்கப்படுதலுக்கோ ஆக்கியவர் ஒருவர் வேண்டும். அவலம் என்னும் பெயரோ அவ்வினாவை எழுப்புவதில்லை. புயலுக்கும் அது பொருந்தும். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரச நிறுவனத்தின் தமிழ்ப் பெயர் ‘காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்’ என்பதாகும்.