கொதிகலனுக்குள் தொலைந்த செவிகள்

'கேள்வி' என்ற சொல்லுக்கு வினா என்பதோடு, செவி வழியாகப் பெறும் அறிவு என்னும் பொருளும் தமிழில் உண்டு. திருக்குறளில் கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்து 42ஆம் அதிகாரமாகக் கேள்வி அமைந்திருப்பதை அன்பர்கள் அறிவீர்கள். அறிவு நுழையும் அந்த வாயிலையே கூலிக்கு ஈடாகக் கொடுத்துவிட்ட ஒரு தொழிலாளர் கூட்டத்தின் வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

இரைச்சல் செவியைக் கெடுக்கும் என்பது புதிதாகக் கண்டறியப்பட்ட உண்மையன்று. வெனிஸ் நகரில் செம்புப் பாத்திரம் அடிப்போர் நாளடைவில் செவிடாகிப் போவதை இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதி வைத்தார். கொல்லர்களின் செவித்திறன் சிறிது சிறிதாகக் குறைவதை 1831இல் இங்கிலாந்தின் ஃபாஸ்புரோக் குறிப்பிட்டார். எனினும் அவையெல்லாம் தனித்தனிக் குறிப்புகளாகவே நின்றன. எண்ணிக் கணக்கிட்டு நிறுவும் முயற்சி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடந்தது.

கிளைடு ஆற்றங்கரையில் அமைந்த அந்நகரம் கப்பல்களுக்கும் நீராவி எந்திரங்களுக்கும் பேர்பெற்றது. கொதிகலன் கட்டும் முறையைச் சற்று எண்ணிப் பாருங்கள். பழுக்கக் காய்ச்சிய தறையாணியை இரும்புத் தகட்டின் துளையில் செருகுவார்கள். வெளியே நிற்போர் சம்மட்டியால் மாறி மாறி அடிக்க, உள்ளே ஒருவர் ஆணியின் தலையைக் கனத்த இரும்பால் தாங்கிப் பிடித்திருப்பார். ஒவ்வோர் அடியும் அந்த இரும்புக் கூட்டுக்குள் எதிரொலித்து அவர் தலையைச் சூழும். நாள் முழுவதும், ஆண்டுக் கணக்கில், அவருடைய பிழைப்பு அதுவே.

அந்நகரின் செவி மருத்துவர் தாமஸ் பார் 1886இல் தம் ஆய்வை வெளியிட்டார். கொதிகலன் தொழிலாளர் 100 பேர், இரும்பு வார்ப்படத் தொழிலாளர் 100 பேர், அஞ்சல்காரர் 100 பேர் என மூன்று தரப்பினரைச் சோதித்து அவர் ஒப்பிட்டார். செவித்திறனை அளக்கும் மின்கருவி இல்லாத காலம் அது. கடிகாரத்தின் டிக் டிக் ஓசை எவ்வளவு தொலைவு வரை கேட்கிறது என்பதே அவருடைய அளவுகோல். கொதிகலன் தொழிலாளர் நூறு பேரில் ஒருவருக்குக்கூட முழுமையான செவித்திறன் இல்லை. பொதுக்கூட்டத்தில் பேசுவதைக் கேட்க அவர்களுள் நான்கில் மூன்று பங்கினர் இடர்ப்பட்டனர். அஞ்சல்காரரிடையே அத்தகையோர் மிகச் சிலரே.

காரணமும் விரைவில் தெளிவாயிற்று. பேரிரைச்சலில் உழைத்து இறந்த உலோகத் தொழிலாளி ஒருவரின் உட்செவியை 1890இல் ஹாபர்மான் என்ற மருத்துவர் ஆராய்ந்து, அங்குள்ள நுண்ணுறுப்புகள் அழிந்திருப்பதைக் கண்டார். ஒவ்வொரு செவியிலும் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் உள்ளன. மனிதருக்கு அவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இரைச்சல் முதலில் தாக்குவது 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான மேல்சுருதி ஒலிகளையே. அதனால் உயிரெழுத்துகளின் ஓசை கேட்கும். மெல்லிய மெய்யொலிகள் நழுவிவிடும். 'சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை' என்ற முறையீடு இவ்வாறே பிறக்கிறது. வலியில்லாமல் வளரும் இக்குறைவோடு, நடுவயதில் முதுமையின் குறைவும் வந்து சேர்ந்துகொள்கிறது.

இவ்வளவும் தெரிந்த பின்னர் என்ன நடந்தது? ஏறக்குறைய ஒன்றுமில்லை. செவிடு அத்தொழிலின் இயல்பு என்று முதலாளிகள் கருதினர். தொழிலாளரும் அவ்வாறே ஏற்றுக்கொண்டனர். பிரிட்டிஷ் அரசு 'இரைச்சலும் தொழிலாளியும்' என்ற கையேட்டை வெளியிட்ட ஆண்டு 1963. கப்பல் பழுதுபார்க்கும் தளங்களில் உழைத்துச் செவியிழந்தவர்கள் தொடுத்த வழக்கில், 1984இல் வெளியான தீர்ப்பு அந்த ஆண்டையே எல்லையாகக் கொண்டது. 1963க்கு முன் ஏற்பட்ட கேட்டுக்கு முதலாளிகள் பொறுப்பல்லர். தொழில் முழுவதும் நிலவிய வழக்கத்தையே அவர்கள் பின்பற்றினர் என்றார் நீதிபதி மஸ்டில். அதன் பின்னர் ஏற்பட்ட கேட்டுக்கு மட்டுமே இழப்பீடு கிடைத்தது. தாமஸ் பார் எண்ணிக் காட்டியதற்கும் அந்த எல்லைக்கும் இடையே 77 ஆண்டுகள். அவ்விடைவெளியில் செவியிழந்தோரின் கணக்கை எந்த நீதிமன்றமும் கேட்கவில்லை.

பழைய ஊர்க்கதை என்று இதை ஒதுக்கிவிட நம்மால் இயலவில்லை. அறிந்தும் வாளாவிருந்த அந்தச் சமூகத்தின் பிழையை நாற்பதையும் ஐம்பதையும் கடந்த நாம் ஒவ்வொருவரும் நம் செவியளவில் செய்துகொண்டிருக்கிறோம். தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுகிறோம். எதிரே இருப்பவர் முணுமுணுப்பதாகக் குறை கூறுகிறோம். கேட்காத சொல்லுக்குத் தலையசைத்துச் சமாளிக்கிறோம். மூக்குக்கண்ணாடி அணியக் கூசாத நாம் செவிக்கருவி என்றால் நாணுகிறோம்.

அழிந்த மயிரணுவை மீட்க மருந்தில்லை என்பது உண்மை. அதற்காகச் சிகிச்சை வீண் என்று ஆகிவிடாது. அடைத்த குறும்பியோ நோய்த்தொற்றோ காரணமானால் எளிதில் குணமாகும். திடீரெனக் கேட்காமற்போனால் ஓரிரு நாள்களுக்குள் மருத்துவரை நாட வேண்டும். மற்றவருக்குச் செவிக்கருவி உண்டு. பிரிட்டனில் 1948இல் தேசிய நலவாழ்வுச் சேவை தொடங்கியபோதே 'மெட்ரெஸ்கோ' என்ற செவிக்கருவி இலவசமாக வழங்கப்பட்டது.

நடுவயதுச் செவிக்குறைவை, மாற்றிக்கொள்ளக்கூடிய மறதிநோய்க் காரணிகளுள் ஒன்றாக 'லான்செட்' குழு 2017 முதல் சுட்டிவருகிறது. அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரை மூன்றாண்டுகள் கண்காணித்த ஆய்வின் முடிவு 2023இல் வெளியாயிற்று. எல்லோரையும் சேர்த்து நோக்கியபோது செவிக்கருவியால் அறிவுத்திறனில் வேறுபாடு தென்படவில்லை. ஆனால் மறதிநோய் வாய்ப்பு மிகுந்திருந்த பிரிவினரிடையே அறிவுத்திறன் குறையும் வேகம் 48 விழுக்காடு தணிந்தது. மிகைப்படுத்தவும் வேண்டா, புறக்கணிக்கவும் வேண்டா.

கிளாஸ்கோ தொழிலாளிக்கு வேறு வழியில்லை. கொதிகலனுக்குள் நுழைந்தால்தான் வீட்டில் அடுப்பெரியும். நமக்கு வழியிருக்கிறது. ஒரு செவிச்சோதனைக்கு அரைமணி நேரம் போதும். பேரப்பிள்ளையின் மழலையைத் தலையசைப்பால் சமாளிக்கும் நாள் வருமுன்னர் அந்த அரைமணியை ஒதுக்குவோமாக.