முதியோர் இல்லத்துக்குள் 100 பறவைகள்... பாதியான மாத்திரைகள்! நடந்தது என்ன?

1991-ம் ஆண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் நியூ பெர்லின் என்ற சிற்றூர். அங்குள்ள சேஸ் மெமோரியல் முதியோர் இல்லத்துக்குப் புதிதாக வந்த மருத்துவ இயக்குநர் பில் தாமஸ்.

வேளாவேளைக்குச் சாப்பாடு, மாத்திரை எல்லாம் கிடைத்தும் அங்கிருந்த சுமார் 80 முதியவர்கள் வாடிப்போய்க் கிடந்தார்கள். சலிப்பு, தனிமை, தன்னால் எதுவும் ஆகாது என்ற நினைப்பு... இந்த மூன்றும்தான் நோய் என்றார் தாமஸ்.

அவர் கேட்ட மருந்து என்ன தெரியுமா? 2 நாய், 4 பூனை, 100 பறவைகள். விதிப்படி ஒரு நாய் அல்லது ஒரு பூனைக்குத்தான் அனுமதி. போராடி விதிவிலக்கு வாங்கினார்.

அடுத்த சிக்கல், ஊழியர்கள். நாய் அசிங்கம் பண்ணினால் அள்ளுவது நர்ஸ் வேலையா என்ற முணுமுணுப்பு எழுந்தது. நியாயமான கேள்விதான்!

நம்மூரில் லவ் பேர்ட்ஸ் என்கிறோமே, அந்தப் பறவைகள் கூண்டு வருவதற்கு முன்பே வந்திறங்கிவிட்டன. அங்கிருந்த பியூட்டி பார்லர் அறைக்குள் திறந்துவிட்டார்கள். கூண்டுகளும் பாகம் பாகமாகவே வந்தன. ஊழியர்கள் அவற்றைப் பூட்ட, பறவைகள் தலைக்கு மேல் பறக்க, கண்ணாடி வழியே பார்த்த முதியவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இறுக்கம் தளர்ந்தது அங்கேதான்.

இரண்டு ஆண்டுகள் இன்னொரு இல்லத்துடன் ஒப்பிட்டபோது, இங்கே ஒருவருக்கான மருந்துகளின் எண்ணிக்கை பாதியாகியிருந்தது. இறப்பு 15 சதவீதம் குறைவு. ஒரே ஒரு இல்லத்தின் கணக்குதான் இது. காரணத்தையும் அந்த ஆய்வு உறுதியாகச் சொல்லவில்லை. 'ஈடன் ஆல்டர்நேட்டிவ்' என்ற பெயரில் இந்த முறை பிறகு பல நாடுகளுக்குப் போனது.