பிள்ளைகள் ஒருபுறம், பயிலுநர்கள் மறுபுறம்: பெருந்தொற்றும் குழந்தை மருத்துவப் பயிற்சியும் (கிருஷ்ணகிரி எல்லைப்புறத்தை முன்வைத்து)

1. ஆய்வுப் பொருள்

கொரோனா காலத்தைப் பற்றிப் பேசும்போது குழந்தைகள் தப்பித்துக்கொண்டார்கள் என்று சொல்வது வழக்கம். நோயின் கடுமையை மட்டும் பார்த்தால் அது பெரும்பாலும் சரி. ஆனால் 2020க்கும் 2022க்கும் இடையில் குழந்தை மருத்துவத்தில் எம்.டி. பட்டமோ டி.சி.எச். பட்டயமோ படித்துக்கொண்டிருந்தவர்களின் கதை வேறு. எம்.டி. மூன்று ஆண்டுப் படிப்பு. அதில் இரண்டு ஆண்டு பெருந்தொற்றிலேயே போனது என்றால், அந்த மருத்துவர் எதைக் கற்றார், எதைக் கற்காமலே வெளியே வந்தார்?

இக்கேள்வியை ஓசூர்–கிருஷ்ணகிரியில் வைத்துக் கேட்பது பொருத்தமற்றதாகத் தோன்றலாம். 2020இல் இம்மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரியே கிடையாது. இந்த இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணமும் அதுவே. பெருந்தொற்று பயிலுநர்களிடமிருந்து பிரித்தது சாதாரணக் காய்ச்சலும் இருமலும் பேதியுமாக வரும் பிள்ளைகளை. அந்தப் பிள்ளைகள் இல்லாமல் போய்விடவில்லை. பயிலுநர்கள் இல்லாத ஊர்களில் இருந்தார்கள். பெரிய நகரத்து மருத்துவமனைக்குள் நின்று பார்ப்பவருக்கு இது எளிதில் புலப்படாது.

2. களம்

தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004 பிப்ரவரி 9 அன்று. அதன் வடமேற்கு முனையில் ஓசூர்: சிப்காட், அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன்; ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்கள். தெற்கே திரும்பினால் தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி என்று காடும் மலையும். ஓர் ஓ.பி. வரிசையிலேயே தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது, இந்தி ஐந்தும் கேட்கும். பச்சைக் குழந்தைக்கு வாய் கிடையாது. தாய் சொல்வதுதான் நோய் வரலாறு. இங்கே வேலை பார்க்கும் குழந்தை மருத்துவர், பிள்ளை பால் குடிக்கவில்லை என்பதை மூன்று நான்கு மொழிகளில் புரிந்துகொள்ளப் பழகியிருக்க வேண்டும்.

உயர் சிகிச்சை என்றால் ஓசூர்க்காரர்கள் முதலில் நினைப்பது பெங்களூருவை. அங்குள்ள இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனமும் வாணி விலாஸ் மருத்துவமனையும் ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ளன. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை 300 கி.மீ.க்கும் அப்பால். தமிழ்நாட்டுப் பக்கமே போக வேண்டுமானால் தருமபுரி, சேலம்.

2020 மார்ச் 25இல் ஊரடங்கு வந்தது. கர்நாடக எல்லையில் உள்ள ஜூஜூவாடியும் அத்திப்பள்ளியும் வெறும் ஊர்ப்பெயர்களாக இருந்த நிலை மாறி, இ-பாஸ் கேட்கும் வாசல்கள் ஆயின. மருத்துவ அவசரத்துக்குப் பாஸ் உண்டுதான். ஆனால் நள்ளிரவில் வலிப்பு கண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் தகப்பனிடம் இணையத்தில் விண்ணப்பிக்கச் சொல்வது என்ன ஏற்பாடு என்று புரியவில்லை.

ஏப்ரல் இறுதியில் மத்திய சுகாதார அமைச்சகம் மாவட்டங்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று பிரித்தபோது, தமிழ்நாட்டில் பச்சையாக இருந்தது கிருஷ்ணகிரி மட்டுமே. மே மாதத் தொடக்கத்தில்தான் முதல் தொற்று பதிவானது. அந்த வாரங்களில் பேருந்து கிடையாது. அஞ்செட்டியிலிருந்து சேலத்துக்குப் போக வழியும் இல்லை. தேள் கடித்தாலும் நிமோனியா வந்தாலும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம், அதை விட்டால் ஜி.எச். அதே நாட்களில் மாநிலத்தின் முதுநிலை மருத்துவ மாணவர்கள் (பி.ஜி.க்கள்) சென்னையிலும் மதுரையிலும் சேலத்திலும், கொரோனா வார்டுகளாக மாறிக்கொண்டிருந்த கட்டடங்களுக்குள் டூட்டி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

3. காணாமல் போன சாதாரண நோய்

3.1 எண்ணிக்கை

அமெரிக்காவில் 2020 மார்ச் 29 முதல் ஏப்ரல் 25 வரையிலான நான்கு வாரங்களில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தோர் எண்ணிக்கை, முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட 42 விழுக்காடு சரிந்தது. சரிவு மிகுதியாக இருந்தது 14 வயதுக்கு உட்பட்டவர்களிடம். பச்சிளங்குழந்தைகளின் மூச்சுச் சிறுகுழல்களை அடைக்கும் ஆர்.எஸ்.வி. கிருமி 2020 குளிர்காலத்தில் பல நாடுகளில் ஏறக்குறைய வரவேயில்லை; பிறகு பருவம் தப்பி வந்தது. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1இல்தான் மீண்டும் தொடங்கின. பள்ளி இல்லையென்றால் பள்ளியில் ஒட்டும் காய்ச்சலும் இல்லை. பெற்றோருக்கு நிம்மதி, பயிலுநருக்கு நட்டம்.

3.2 கண் பழகுதல்

இந்த நட்டத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். இருமலோடு வரும் எட்டு மாதக் குழந்தையை அனுபவமுள்ளவர் எடுத்த எடுப்பில் தொடமாட்டார். தாய் மடியிலேயே விட்டுவிட்டு எட்டி நின்று பார்ப்பார். சட்டையை மெல்லத் தூக்கச் சொல்வார். ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுவார். இரண்டு மாதத்துக்குக் கீழ் 60, ஓராண்டுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 என்பவை உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்புகள். இவற்றைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமூச்சு. விலா எலும்புக்குக் கீழே உள்வாங்குகிறதா, மூக்கு விடைக்கிறதா, அழுகையில் சத்து இருக்கிறதா, ஆளைப் பார்த்துச் சிரிக்கிறதா? எண்களைப் புத்தகத்தில் படித்துவிடலாம். இந்தப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பலாம், அந்தப் பிள்ளையை அனுப்பக்கூடாது என்ற தீர்ப்பு மட்டும் நூற்றுக்கணக்கில் சாதாரணப் பிள்ளைகளைப் பார்த்த பிறகே கைவரும். நல்ல நிலையில் உள்ள குழந்தைகளை நிறையப் பார்த்தவருக்குத்தான் மோசமான நிலையில் வரும் குழந்தை உடனே கண்ணில் படும்.

பி.பி.ஈ. கிட் இதில் பெரும்பகுதியைக் கெடுத்தது. தலைவரை மூடிய உடையில் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்ட முடியாது. கண்ணாடியில் ஆவி படியும். இரட்டைக் கையுறையோடு, கண்ணுக்குத் தெரியாத குழந்தை நரம்பில் வென்ஃப்ளான் போடுவது தேர்ந்த கைக்கே கடினம். கற்றுக்கொள்ளும் கைக்குச் சொல்லவே வேண்டாம். முகமில்லாத வெள்ளை உருவத்தைக் கண்டு வீறிடும் குழந்தையிடம் சிரிப்பை எங்கே சோதிப்பது?

3.3 காலந்தாழ்ந்த வருகை

வந்த பிள்ளைகளும் முற்றிய நிலையில் வந்தார்கள். ஜெர்மனியில் 2020 மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை புதிதாகச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்ட சிறுவர்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் கீட்டோஅமிலத்தன்மை என்ற ஆபத்துக் கட்டத்தில் வந்தனர். முந்தைய ஆண்டில் அது ஏறத்தாழ 24 விழுக்காடுதான். பயிலுநர் கடைசிக் கட்டத்தைப் பார்த்தார். தொடக்கம் எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியவில்லை. மாவட்ட மருத்துவமனையில் தேவைப்படுவதோ அந்தத் தொடக்கத்தைக் கண்டுபிடிக்கும் திறன்.

4. அறுந்த வரிசை

நம் நாட்டில் பி.ஜி. படிப்பில் பாதியைச் சொல்லித்தருவது பேராசிரியர் அல்லர், ஒரு வருடம் மூத்த பி.ஜி. முதலாண்டுக்காரர் டிரிப் போடுவார், கேஸ் ஷீட் எழுதுவார், இரண்டாமாண்டுக்காரர் திருத்துவார், மூன்றாமாண்டுக்காரர் முடிவெடுக்கப் பழகுவார். மூன்று அணியும் ஒருசேர இருந்தால்தான் இது ஓடும்.

2021 ஏப்ரல் 18இல் நடக்கவிருந்த நீட் பி.ஜி. தேர்வு தள்ளிவைக்கப்பட்டது. மே 3 அன்று மத்திய அரசு அதை மேலும் குறைந்தது நான்கு மாதத்துக்கு ஒத்திப்போட்டதோடு, புதிய அணி சேரும்வரை இறுதியாண்டு பி.ஜி.க்களின் பணியைத் தொடர்ந்து பயன்படுத்திக்கொள்ளலாம் என்றும் சொன்னது. தேர்வு செப்டம்பர் 11இல் நடந்தது. பிறகு இடஒதுக்கீட்டு வழக்கு, டிசம்பரில் டெல்லியில் மருத்துவர்களின் போராட்டம். கலந்தாய்வு தொடங்கியது 2022 ஜனவரி 12இல். மூன்று அணி செய்த வேலையை இரண்டு அணி செய்தது. முடிவெடுக்கக் கற்க வேண்டியவர் மறுபடியும் டிரிப் போட்டுக்கொண்டிருந்தார். களைப்பைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. இந்த வரிசை அறுந்ததைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

5. பெருந்தொற்று கற்பித்தவை

எல்லாமே இழப்பு என்று எழுதுவது நேர்மையாகாது. தொற்றுக்காலம் மருத்துவத்துக்குப் புதியதைக் கற்பித்ததும் உண்டு. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியலாளர் மூச்சுக்குழாயில் துளையிட்டுக் கையாலேயே காற்றைச் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்துப் பையை அழுத்தினார்கள். இன்றைய ஐ.சி.யூ.வின் தொடக்கம் அங்கேதான்.

2020இல் நம் பயிலுநர்களுக்கு வாய்த்தது மிஸ்-சி: தொற்று வந்துபோன சில வாரங்களில் விடாத காய்ச்சல், சிவந்த கண், சொறி, தளரும் இதயம். காவசாகி நோயைப் போலிருந்தும் அது அல்லாத ஒன்று. சென்னை காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் மருத்துவமனை மருத்துவர்கள் 19 குழந்தைகளின் விவரங்களை அந்த ஆண்டே 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். பாடநூலில் இல்லாத நோயை ஆசிரியரும் மாணவரும் ஒன்றாக உட்கார்ந்து படித்த காலம் அது. வெபினார்களும் பெருகின, ஓசூரில் இருப்பவரும் டெல்லி வகுப்பைக் கேட்க முடிந்தது. ஆனால் வெபினாரில் குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்க்க முடியாது.

6. மாவட்டத்துக்கு வரும் பயிற்சி

பெருந்தொற்றின் நடுவிலேயே மூன்று முடிவுகள் வந்தன. 2020 ஆகஸ்ட் 31இல், அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் மாநிலங்கள் ஒதுக்கீடு தரலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. செப்டம்பரில் மாவட்ட உறைவிடப் பயிற்சித் திட்டம் அறிவிக்கப்பட்டது, ஒவ்வொரு பி.ஜி.யும் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும். 2021 ஜூலையில் ரூ.23,123 கோடி அவசர நிதியில் 736 மாவட்டங்களிலும் குழந்தைகள் சிகிச்சைப் பிரிவு என்றார்கள். அடுத்து, நீட் கலந்தாய்வு தொடங்கிய அதே 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டின் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் காணொலியில் திறக்கப்பட்டன. கிருஷ்ணகிரி அவற்றில் ஒன்று.

இவற்றில் நான் அதிகம் நம்புவது மாவட்டப் பயிற்சியை. படுக்கையும் வென்டிலேட்டரும் பணம் கொடுத்தால் வரும். கண் பழகுவது அப்படி வராது. ஆனால் அந்த மூன்று மாதம் ஆள் பற்றாக்குறையை நிரப்பும் டூட்டியாகச் சுருங்கிவிடும் ஆபத்து உண்டு. ஓசூர் ஜி.எச்.சுக்கு வரும் பயிலுநரை இரவு டூட்டியிலேயே போட்டுத் தீர்த்தால் சேலத்தில் செய்ததையே இங்கும் செய்துவிட்டுப் போவார். டெங்கு ஏறும் மழை மாதங்களில் அவரை அனுப்புவது நல்லது. ஒரு மாதமாவது அஞ்செட்டி, தளிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி நாளிலும் ஓ.பி.யிலும் உட்கார வேண்டும். வீட்டுக்கு அனுப்பிய பிள்ளை இரண்டு நாளில் எப்படி இருக்கிறது என்று அவரே கிராம செவிலியரிடம் கேட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். தன் தீர்ப்பு சரியா தவறா என்று பெரிய மருத்துவமனையில் பயிலுநருக்குத் தெரிவதே இல்லை; பிள்ளை டிஸ்சார்ஜ் ஆனதோடு தொடர்பு முடிந்துவிடுகிறது. இந்தப் பதிவேட்டுக்குத் தேர்வில் மதிப்பெண் உண்டு என்று பல்கலைக்கழகம் சொல்லாதவரை யாரும் அதை எழுதப்போவதில்லை.