ஒரே இதழில் ஓமும் இல்லையும்

“அது அவையின்ர பரம்பரையில ஓடுற வருத்தம்” என்று மனச்சிதைவு நோயைப் பற்றிக் கதைக்கிறதை நாங்கள் கேட்டிருக்கிறோம். ஒரு கலியாணப் பேச்சு நின்றுபோக அந்த ஒரு வசனம் காணும். விஞ்ஞானிகளிலும் பலர் ஒருகாலத்தில் இப்படித்தான் நம்பினார்கள்: குடும்பத்தில் ஓடுது என்றால், அதற்குரிய மரபணுவைப் பிடித்துவிடலாம்.

1988 நவம்பரில் ‘நேச்சர்’ இதழில் ஷெரிங்டன், குர்லிங் குழுவின் கட்டுரை வந்தது. ஐந்து ஐஸ்லாந்துக் குடும்பங்களையும் இரண்டு பிரித்தானியக் குடும்பங்களையும் ஆராய்ந்து, 5ஆம் நிறமூர்த்தத்தில் நோயோடு சேர்ந்து கடத்தப்படும் பகுதியொன்று இருக்கு என்றார்கள். பகிடி என்னவென்றால், அதே இதழிலேயே கென்னடி குழு, வட சுவீடன் குடும்பமொன்றில் அப்படி எதுவும் இல்லை என்றது. பிறகு தேடிய மற்றவர்களுக்கும் கிடைக்கவில்லை. முதல் குழுவின் கணக்கில் எங்களுக்கு உறுத்துகிற இடம் ஒன்று உண்டு: வேறு மனநோய்கள் உள்ள உறவினரையும் ‘நோயாளி’ என்று சேர்த்தபோதுதான் அந்தத் தொடர்பு ஆகப் பலமாகத் தெரிந்தது. ஆரை நோயாளி என்று எண்ணுகிறோம் என்பதிலேயே விடை மாறுது!

அடுத்து, சந்தேகப்படும் மரபணுவை முதலே தெரிந்தெடுத்துச் சோதித்தார்கள். சி.ஓ.எம்.ரி. நல்ல உதாரணம். டோபமைனை உடைக்கிற நொதியத்துக்குரிய மரபணு அது. அந்த நொதியத்தின் 158ஆவது இடத்தில் வலின் இருக்கலாம், மெதியோனின் இருக்கலாம். நோயாளரிலும் மற்றவரிலும் எந்த வடிவம் எவ்வளவு என்று எண்ணி ஒப்பிட வேண்டியதுதான். கேட்க லேசு. ஆனால் சில நூறு பேர் மட்டும் என்றால், தற்செயலும் தொடர்பு மாதிரித் தெரியும். இரண்டு கூட்டத்தின் பூர்வீகமும் வேறு என்றால், வித்தியாசம் அதனாலேயே வரும். போதாக்குறைக்கு, ‘கிடைத்தது’ அச்சேறும். ‘கிடைக்கவில்லை’ லாச்சிக்குள் கிடக்கும்.

2008இல் சாண்டர்ஸ் குழு, பேர்பெற்ற 14 மரபணுக்களை 1,870 நோயாளரிலும் 2,002 மற்றவரிலும் சோதித்தது. ஒன்றுகூடத் தேறவில்லை, சி.ஓ.எம்.ரி. உட்பட.

2014இல் பல நாட்டவர் சேர்ந்து, 36,989 நோயாளரையும் 1,13,075 மற்றவரையும் வைத்து, முன்கூட்டிய சந்தேகம் எதுவுமில்லாமல் முழு மரபுத்தொகுதியையும் துழாவினார்கள். 108 இடங்கள் அகப்பட்டன. பெரும்பாலானவை தனித்தனியே ஆபத்தைக் கூட்டுவது மிகச் சிறிதளவுதான். சி.ஓ.எம்.ரி. அதில் இல்லை. ஆனால் 2008இல் தேறாத 14இல் ஒன்றான டி.ஆர்.டி.2இன் பகுதி இருந்தது. மனச்சிதைவுக்குக் கொடுக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை வேலைசெய்கிற டோபமைன் வாங்கிக்குரிய மரபணு அது.