மெட்ராஸ் என்றொரு சட்டைத்துணி

ஆங்கில அகராதியில் ‘மெட்ராஸ்’ இரண்டு உண்டு. பெரிய எழுத்தில் தொடங்கினால் ஊர். சிறிய எழுத்தில் தொடங்கினால் துணி: நூலிலேயே சாயம் ஏற்றி, பாவிலும் ஊடையிலும் பல நிறங்களை ஓடவிட்டு, கட்டம் கட்டமாக நெய்த மெல்லிய பருத்தித் துணி. எழுத்தில் பெரியது சிறியது என்ற பேதம் தமிழில் இல்லாததாலோ என்னவோ, இந்தச் சொல்லின் இரட்டைப் பிறவி நம் கண்ணில் படுவதில்லை. துணி மட்டும் தினமும் படுகிறது. அதை நாம் கைலி என்கிறோம், லுங்கி என்கிறோம். யாழ்ப்பாணத்தார் சாரம் என்கிறார்கள். குடியாத்தத்திலோ குறிஞ்சிப்பாடியிலோ கடைக்குப் போய் “ஒரு மெட்ராஸ் கொடுங்க” என்று கேட்டால், கடைக்காரர் பேருந்து நிலையத்துக்குத்தான் வழி காட்டுவார்.

துணிக்கு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொள்வது பழைய கதை. கள்ளிக்கோட்டைத் துணி ‘காலிகோ’ ஆனது. பிரான்சின் நீம் நகரத்திலிருந்து ‘டெனிம்’ வந்தது. இத்தாலியின் ஜெனோவாவிலிருந்து ‘ஜீன்ஸ்’ வந்தது. பம்பாயின் டோங்ரிப் பகுதி ‘டங்கரி’ என்ற முரட்டுத்துணிக்குப் பெயர் கொடுத்தது. இவற்றில் பெரும்பாலும் பெயர் வைத்தவர் நெய்தவர் அல்லர், வாங்கியவர். தறி எந்தக் கிராமத்தில் ஆடியது என்பது கப்பலில் மூட்டை ஏற்றியவருக்குத் தேவையில்லை. ஏற்றிய துறையின் பெயரே அவருக்குப் போதும்.

மெட்ராசும் அப்படித்தான். 1639இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கரையில் இடம் பிடித்ததே துணிக்காக. மதராசப்பட்டினம் என்ற பெயர் அவர்கள் வாயில் தேய்ந்து மெட்ராஸ் ஆயிற்று. 1734இல் கம்பெனியே நெசவாளர்களைக் குடியமர்த்தி ஒரு பேட்டை அமைத்தது. சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. இந்தக் கரையின் கட்டம் போட்ட துணி கடல் கடந்து கரீபியத் தீவுகளுக்கும் போனது. மார்த்தினிக், குவாதலூப் தீவுப் பெண்கள் தலையில் கட்டும் வண்ணத் துணிக்கு இன்றும் ‘மெட்ராஸ்’ என்றுதான் பெயர். அடிமைகளும் அவர்களின் வழிவந்தவர்களும் கட்டிய தலைத்துணி அது.

அதே சொல் 1950களின் அமெரிக்காவில் பணக்காரப் பிள்ளைகளின் சட்டையாக மாறியதுதான் இதன் வரலாற்றில் விசித்திரமான திருப்பம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த அமெரிக்காவில் பணம் புரண்டது. 1944இல் இயற்றிய படைவீரர் நலச் சட்டம், திரும்பி வந்த வீரர்களுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியது. 1947இல் கல்லூரியில் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் முன்னாள் வீரர்கள். கொல்லர் மகனும் தச்சர் மகனும் வகுப்பறைக்குள் வந்தார்கள். படிப்பு கிடைத்ததும் படித்தவனின் தோற்றமும் வேண்டியிருந்தது. அந்தத் தோற்றத்துக்கு அளவுகோல் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் முதலிய எட்டுப் பழைய கல்லூரிகள். ‘ஐவி லீக்’ என்ற விளையாட்டுக் கூட்டமைப்பாக அவை முறைப்படி கைகோத்தது 1954இல். ‘ஐவி’ என்ற சொல் விளையாட்டுத் திடலை விட்டுத் துணிக்கடைக்குள் நுழைந்து ஓர் உடைப் பாணியின் பெயராகவும் நிலைத்தது. அந்தப் பாணியின் கோடைக்கால உடுப்புதான் மெட்ராஸ்: சட்டை, அரைக்கால் சட்டை, கோட்டு, தொப்பி நாடா வரைக்கும்.

யேலுக்கும் மெட்ராசுக்கும் உறவு பழையது. 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல், 1718இல் கனெக்டிகட்டின் சிறு கல்லூரி ஒன்றுக்கு ஒன்பது மூட்டைச் சரக்கு அனுப்பினார். அதை விற்ற காசில் கட்டடம் எழுந்தது. கல்லூரிக்கு அவர் பெயர் வந்தது. மெட்ராசில் சேர்த்த செல்வத்தால் பெயர் பெற்ற கல்லூரியின் பிள்ளைகள், இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து மெட்ராசையே உடுத்தி நடந்தார்கள்.

இனி அந்தத் துணியின் சாயம் பற்றிய கதை. பிற்காலத்தில் லீலா ஓட்டல்களை நிறுவிய கண்ணூர்க்காரர் கேப்டன் கிருஷ்ணன் நாயர் சொல்லிவந்தது இது. 1958இல் நியூயார்க் இறக்குமதியாளர் ஒருவர் பம்பாய் வந்து, அவரிடம் கைத்தறித் துணியைக் கெஜம் ஒரு டாலருக்கு வாங்கினார். இது சாயம் போகும், குளிர்ந்த நீரில் பதமாக அலசவேண்டும் என்று நாயர் எச்சரித்தார். வாங்கியவர் அந்த எச்சரிக்கையை மேற்கொண்டு சொல்ல மறந்துவிட்டார். புரூக்ஸ் பிரதர்ஸ் கடை அதைச் சட்டையாகவும் கோட்டாகவும் தைத்து விற்றது. இயந்திரத்தில் போட்டுத் துவைத்தவர்களின் துணியெல்லாம் நிறம் மாறியது. வழக்கு வரை போகவிருந்த விவகாரம் விளம்பரத்தால் தலைகீழானது: ‘சாயம் போகும் என்று உத்தரவாதம்’ என்றே விற்றார்கள். ஒவ்வொரு சலவையிலும் நிறங்கள் ஒன்றில் ஒன்று கலந்து புதுத்துணி ஆகுமாம்!

நாயர் சொன்னதில் எவ்வளவு மெருகு இருந்தாலும், ‘ப்ளீடிங் மெட்ராஸ்’ என்ற சொல் அமெரிக்கரின் பேச்சில் ஊன்றியது உண்மை. சாயம் கசிவதை ஆங்கிலம் ‘இரத்தம் வடிதல்’ என்கிறது. சாயம் போனால்தான் அசல், போகாதது போலி என்று அறுபதுகளில் இளைஞர்கள் நம்பினார்கள்.

தமிழில் இதை நினைத்துப் பார்க்க முடியுமா? ‘அவன் சாயம் வெளுத்துப் போச்சு’ என்றால் குட்டு உடைந்துவிட்டது என்று பொருள். நம் மொழியில் சாயம் போவது பொய் அம்பலமாவது. அமெரிக்காவிலோ அது மெய்க்குச் சாட்சி. குறையைக் குணமாக்கி விலை ஏற்றும் வித்தை அந்தச் செழிப்புக் காலத்து விளம்பரத்துக்குக் கைவந்த கலை.

1967இல் எஸ். ஈ. ஹிண்டன் எழுதிய ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலில், ஏழைப் பையன்களை அடித்துத் துவைக்கும் பணக்காரக் கூட்டத்தின் அடையாளம் மெட்ராஸ் சட்டை. கதை நடக்கும் ஓக்லஹோமாவின் பதின்வயதினருக்கு அந்தச் சொல் ஊரையோ தறியையோ நினைவூட்டியிருக்காது, வர்க்கத்தைத்தான் காட்டியிருக்கும். அதே கட்டம் போட்ட துணியை இங்கே இடுப்பில் கட்டியவர் ரிக்‌ஷா இழுத்தார், மூட்டை தூக்கினார். கைலியோடு அலுவலகத்துக்குப் போனால் வாசலிலேயே நிறுத்துவார்கள். ஒரே துணி, ஒரே கட்டம். பெயர் மாறியதும் மதிப்பும் மாறிவிட்டது.

வாங்கியவர் வைத்த பெயருக்கு வாங்குபவர் இருக்கும்வரை ஆயுள். 1996இல் நம் நகரம் தன் பெயரைச் சென்னை என்று மாற்றிக்கொண்டது. பல்கலைக்கழகமும் உயர் நீதிமன்றமும் ஆங்கிலத்தில் பழைய பெயரை விடவில்லை. அமெரிக்கத் துணிக்கடையும் விடவில்லை. ஒவ்வொரு கோடையிலும் அங்கே மெட்ராஸ் சட்டை தொங்குகிறது, சிறிய எழுத்தில்.