செல்லாக்காசின் கதை



பழங்காசு சேகரிப்போரின் பேழைகளில் பூவும் விலங்கும் தீட்டிய சிறு பீங்கான் வில்லைகளைக் காணலாம். சீன எழுத்துகள் பொறித்த இவை, 19ஆம் நூற்றாண்டில் சயாம் நாட்டுச் சூதாட்ட விடுதிகளில் பந்தயக் காசாக விளங்கியவை.

அவ்விடுதிகளை அரசிடமிருந்து குத்தகைக்கு எடுத்தோர் பெரும்பாலும் சீன வணிகர்கள். அவர்கள் தத்தம் விடுதியின் பெயர் பொறித்த வில்லைகளைச் சீனாவில் செய்வித்தனர். அக்காலச் சயாமில் சில்லறைத் தட்டுப்பாடு நிலவியது. ஆகவே, சூதுக்களத்து வில்லைகள் சந்தைக்கும் வந்து சில்லறைக் காசாகப் புழங்கின.

போலிகள் பெருகியபோது விடுதியார் பழைய வில்லைகளைத் திரும்பப் பெற்றுப் புதியவற்றை வெளியிட்டனர். தவணைக்குள் மாற்றாதவை செல்லாக்காசாயின. சூதே ஆடாதவர் கையிலிருந்த வில்லைக்கும் இதே கதிதான். 1875இல் மன்னர் சூலாலங்கோர்ன் ஆட்சியில் இவற்றின் பொதுப்புழக்கம் தடைசெய்யப்பட்டது. 1917இல் சூதாட்ட விடுதிகளும் மூடப்பட்டன.

மாற்றப்பட்டவை விடுதிக்கே திரும்பின. மாற்றப்படாதவையே வீடுகளில் தங்கி, தலைமுறை கடந்து சேகரிப்போரை அடைந்தன. இன்று நாம் அழகென்று வியக்கும் வில்லைகளுள் பல, அன்று எவரோ ஓர் எளியவர் இழந்த பணம். காசின் வரலாற்றைப் படிக்கும்போது, அதை இழந்த கைகளையும் நினைப்போமாக.