பிணைமுறியும் பிள்ளையும்

கல்முனைக் கரையோரத்து ஏழை மாணவனுக்கு ஆசிரியத் தொழிலின் வாசல் திறந்த வரலாற்றை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். 1941 இல் அட்டாளைச்சேனையில் ஆசிரிய கலாசாலை எழுந்தது. 1942 இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவ்வாண்டிலேயே இங்கு முஸ்லிம் கல்விச் சங்கத்துக்கு வித்திட்டார். அதன் தொடர்ச்சியாக 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி தோன்றியது. அதே ஆண்டில் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. வயலில் உழுதோரும், மருதமுனைத் தறியில் நெய்தோரும், கடலில் வலை வீசியோரும் பெற்ற பிள்ளைகள் ஆசிரியர்களாயினர்.

ஆனால், அரசு தரும் உதவிப்பணம் தனித்து வருவதில்லை. அதன் பின்னே ஒரு பிணைமுறியும் வருகிறது. இவ்வழக்கம் புதியதன்று. 1846 இல் இங்கிலாந்து, பதின்மூன்று வயதுச் சிறாரைச் சிறு ஊதியம் தந்து ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் பள்ளியோடு பிணைத்தது. இன்று நமது கல்வியியற் கல்லூரி மாணவரும் கொடுப்பனவு பெற்று, பணியாற்றுவதாக ஒப்பமிடுகிறார். செல்வன் வீட்டுப் பிள்ளைக்கு அது வெறும் கடுதாசி. கூலிக்காரன் மகளுக்கோ தந்தையின் தலைமேல் தொங்கும் கடன்.

அப்படியாயின் பிணையே தீதா? அல்ல. மக்கள் பணத்தில் கற்றவர் மக்களுக்குப் பணிபுரிவது நியாயமே. விசேட கல்வியில் இது இன்னும் பொருந்தும். செவிப்புலனும் விழிப்புலனும் அற்ற பிள்ளைகளுக்காக இந்நாட்டில் 1912 இல் பாடசாலை தோன்றியது. வடக்கே கைதடியில் 1956 இல் நவீல்ட் பாடசாலை எழுந்தது. அறுபதுகளின் இறுதியில் அத்தகைய பிள்ளைகளைச் சாதாரணப் பாடசாலைகளிலேயே சேர்த்துக் கற்பிக்கும் முறை புகுந்தது. அன்றிலிருந்து ஒவ்வோர் ஊருக்கும் பயின்ற ஆசிரியர் தேவையானார்.

அமெரிக்காவில் இத்துறைப் பயிற்சிக்குக் கூட்டாட்சி அரசின் உதவி பெறுவோர், உதவி பெற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் ஈராண்டு அத்துறையிலேயே பணிபுரிய வேண்டும்; தவறினால் பணத்தைத் திருப்ப வேண்டும். எந்தப் பணி என்பதை அந்த ஒப்பந்தம் தெளிவாகச் சொல்கிறது. ஆனால், அங்கேயே பிறிதொரு திட்டத்தில், நான்காண்டுப் பணியை ஒழுங்காகச் செய்துவந்த ஆயிரக்கணக்கான ஆசிரியரின் கொடை, படிவம் பிந்தியது போன்ற காரணங்களால் கடனாக மாற்றப்பட்டது. 2018 இல் எழுந்த கண்டனத்தின் பின்னரே அத்தவற்றைத் திருத்தத் தொடங்கினர். பணியை மறந்து பத்திரத்தை மட்டும் காத்தால் விளைவது இதுதான்.

1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், அங்கக் குறைவை முன்னிட்டுக் கல்வி நிலையத்தில் ஒருவரைப் பாகுபடுத்தலாகாது என்கிறது. அவ்வுரிமை சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ ஒரு பிள்ளையின் கையில் சேர வேண்டுமானால், ஆசிரியர் மட்டும் ஒப்பமிட்டால் போதுமா? பயின்ற துறையிலேயே நியமனம், கற்பிக்க ஒரு வகுப்பறை, பிரெயில் நூல்கள், காலந்தவறாத சம்பளம் ஆகியவற்றுக்கு அரசும் ஒப்பமிடட்டும். அது தன் வாக்கைத் தவறினால் ஆசிரியரின் பிணையும் அவிழட்டும்.

இரு தரப்பையும் கட்டுவதே ஒப்பந்தம். ஏழையை மட்டும் கட்டுவது கயிறு.